இரண்டு குழுக்கள்

எங்கள் ஊரில் ‘குழு’ என்றால் கடன். “குழுவுக்குப் போயிட்டு வர்றேன்” என்று ஒரு பெண் சொன்னால், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பெண்கள் கூடி வாரத் தவணை கட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இப்படி ஒரு குழு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் ஒரு குழு இருக்கிறது. அங்கே அதை டீம் என்பார்கள். ஒன்பது பேர். அதில் நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் வேலை.

இரண்டு குழுக்களிலும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்றுதான்: பொறுப்பு எல்லோருக்கும் பொது. இந்த ஒரு வாசகம் திண்ணையில் ஒரு விதமாகவும் அலுவலகத்தில் வேறு விதமாகவும் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. ஒரு குழுவுக்குள் இருந்துகொண்டே அதன் வேலையில் குறை சொல்ல வேண்டிய ஒருத்தி, அந்தக் குறை மூடப்படும்போது எவ்வளவு பொறுப்பாகிறாள்?

முதலில் திண்ணையைச் சொல்கிறேன். குழுக்கடனுக்கு நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். பத்துப் பேரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும். ஒருத்திக்கு இன்னொருத்திதான் அடமானம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, இந்தக் கடன்கள் இன்னும் பெருகின. அடுத்த வருடம் ஒரு நாள், பக்கத்து வீட்டு அத்தை மூன்று தவணை பாக்கி என்று வசூலுக்கு வந்தவர் சொன்னார். அவர் கையிலிருந்த போனில் அப்படித்தான் இருந்தது. அத்தை கட்டிவிட்டேன் என்று அழுதார். பாக்கி வராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார் வந்தவர். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒன்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கட்டினார்கள். அதற்குப் பிறகு பல நாள் அந்தத் தெருவில் யாரும் அத்தையோடு சரியாகப் பேசவில்லை.

என் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். குழுவில் யார், எந்தத் தேதியில், எவ்வளவு கட்டினார்கள், யார் வாங்கிப்போனார் என்று எல்லாம் அதில் இருக்கும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் கூட்டம் கூட்டமாக எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அம்மா இரண்டையும் அப்போதுதான் கற்றார். அத்தையின் மூன்று தவணைகளும் அந்த நோட்டில் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு அம்மா கிளை அலுவலகத்துக்கு நாலைந்து முறை அலைந்தார். இரண்டு மாதம் கழித்து ‘சிஸ்டம் மிஸ்டேக்’ என்று ஒப்புக்கொண்டார்கள்.

இனி அலுவலகம். நாங்கள் வேலை செய்யும் முறைக்கு அஜைல் என்று பெயர். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பனிமலை விடுதியில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். பதினேழு பேரும் ஆண்கள். வருடக்கணக்கில் திட்டமிட்டு, கட்டுக்கட்டாக ஆவணம் எழுதி, கடைசியில் யாருக்கும் உதவாத ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும் பழைய முறையை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். சிறு குழுவாக இருங்கள், சிறிது சிறிதாகச் செய்யுங்கள், பயன்படுத்துகிறவரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போங்கள் என்றார்கள். நல்ல யோசனைதான்.

எங்கள் டீமில் அது இப்படி நடக்கிறது. இரண்டு வாரம் ஒரு ஸ்பிரின்ட். முதல் நாள் வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். தினமும் காலையில் நின்றபடியே பதினைந்து நிமிடம் பேசுவோம். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். எழுதுகிறவர்கள் முடித்தால்தான் நான் தொடங்க முடியும். அவர்களுக்கு ஒரு நாள் தாமதமானால் அந்த நாள் என் கணக்கிலிருந்து போகும். நாலு நாளில் செய்ய வேண்டிய சோதனை வியாழன் மதியம் என் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை முடியவில்லை என்றால், “டெஸ்டிங்ல நிக்குது” என்று பலகையில் சிவப்பு விழும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தில் சாப்பிடும் அம்மாவை வளர்ந்த வயதில் பார்த்தவளுக்கு, மிச்ச நேரத்தில் வேலை செய்வது புதிதில்லை. புதிதில்லை என்பதாலேயே அது தப்பு என்று எனக்கு வெகுநாள் தோன்றவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால், வேறு மாநிலத்தில் இயங்கும் ஒரு கடன் நிறுவனத்துக்காக வசூல் செயலி ஒன்று செய்தோம். ஊர் ஊராகப் போய்த் தவணை வாங்குகிறவர் போனில் அது இருக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் வாங்கிய பணத்தைப் போன் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சிக்னல் வந்ததும் தலைமையகத்துக் கணினிக்கு அனுப்பும். ஒரு வியாழக்கிழமை மாலை, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சிக்னலை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். இருபது முறையில் மூன்று முறை, ஒரு தவணை காணாமல் போனது. போனில் ‘வெற்றி’ என்று பச்சை டிக் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் பணம் வந்ததற்கான தடயமே இல்லை.

எனக்கு அந்த நிமிடமே அத்தை முகம் வந்தது. முதல் நிலைப் பிழை என்று பதிந்தேன். முதல் நிலை என்றால் சரிசெய்யாமல் வெளியே அனுப்பக் கூடாது. மறுநாள் காலை கூட்டம்.

“இருபதுல மூணு தடவதானே?”

“ஃபீல்டுல யாரு இப்படி ஆன் ஆஃப் பண்ணிட்டு இருக்கப்போறாங்க?”

எங்கள் பக்கம் தோப்புக்குள் நுழைந்தால் சிக்னல் போகும், வெளியே வந்தால் வரும் என்று சொன்னேன். ஒரு முறை சொன்னேன். “அடுத்த ஸ்பிரின்ட்ல எடுத்துக்கலாம். கிளையன்ட்டுக்கு இன்னைக்குன்னு கமிட் பண்ணியாச்சு. டீமா யோசிங்க” என்றார் டெலிவரி மேனேஜர். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பழக்கமானது. அதற்கு முந்தின மாதம் ஒரு ரிலீஸ் என்னால் ஒரு நாள் தள்ளிப்போனது. “வேலை நல்லாத்தான் செய்றீங்க, டீம் ஸ்பிரிட்தான் கொஞ்சம் பத்தல” என்று அப்போதே கேட்டிருந்தேன். அடுத்த மாதம் அப்ரைசல். முதல் நிலை என்று இருந்ததை மூன்றாம் நிலை என்று மாற்றினார்கள் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். மாற்றியது நான்தான். என் லாகினில், என் கையால்.

மூன்று வாரம் கழித்துத்தான் சரிசெய்தோம். அதற்குள் 41 தவணைகள் காணாமல் போயிருந்தன. பதிவுகளைத் திருத்தினோம். அந்த மூன்று வாரத்தில் அந்த 41 வீடுகளின் வாசலில் என்ன நடந்தது என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு: “டெஸ்டிங்ல இது எப்படித் தப்பிச்சுது?” தப்பவில்லை, பதிவு இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் மாதக் கணக்கில் அது ‘சோதனையில் நழுவிய பிழை’ என்ற பத்தியில், என் பெயருக்கு நேராகத்தான் ஏறியது.

திண்ணையில் ‘எல்லோர் பொறுப்பு’ என்றால் பத்துப் பேரும் மாட்டிக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் ‘தரம் எல்லோர் பொறுப்பு’ என்றால், முடிவெடுத்தவர்கள் அத்தனை பேரும் நழுவிக்கொள்ள ஒரு கதவு திறக்கிறது. கடைசியில் மிஞ்சுவது சோதித்தவள் மட்டும். இதில் பெண்களுக்குத் தெரியாத எதுவும் இல்லை. குடும்ப மானம் மகளிடம் இருக்கிறது; அவள் படிப்பு, கல்யாணம் பற்றிய முடிவு அவளிடம் இல்லை. பிள்ளை தேறவில்லை என்றால் வளர்ப்பு சரியில்லை என்று தாயைச் சொல்வார்கள். எந்தப் பள்ளி என்று தீர்மானித்தவர் வேறொருவராக இருப்பார். அதிகாரம் ஓரிடத்திலும் பழி இன்னோரிடத்திலும் இருக்கும் இந்த ஏற்பாட்டில் வளர்ந்தவளை, பொறுமை இருக்கிறது, நுணுக்கமாகப் பார்ப்பாள் என்று சொல்லி டெஸ்டிங் வேலைக்கு எடுக்கிறார்கள். “இங்க எல்லாரும் ஒரே ஃபேமிலி” என்றும் சொல்கிறார்கள். குடும்பத்துக்குள் குறை சொல்கிறவளுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று நமக்குத் தெரியும்.

மென்பொருள் பிழைதானே, திருத்தினால் போயிற்று என்று நினைக்கலாம். பிரிட்டனில் தபால் நிலையக் கிளைகளுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பொருத்தினார்கள். அதில் பிழைகள் இருந்தன. இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. கிளை நடத்தியவர்கள் திருடினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 900-க்கும் அதிகமானவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010-இல் இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்தபடி சிறைக்குப் போனார். அவருடைய தண்டனை 2021-இல்தான் ரத்தானது. பிழைகள் இருப்பது உள்ளே இருந்தவர்கள் சிலருக்குத் தெரிந்திருந்தது என்பது பின்னால் வெளிவந்தது. கணினி சொன்னதற்கும் ஒரு பெண் சொன்னதற்கும் இடையே நீதிமன்றம் கணினியை நம்பியது. எங்கள் ஊர்த் திண்ணையில் நடந்ததும் அதுதான், அளவுதான் வேறு.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் பணியிடங்களில் ஒரு செயலி வழியாக நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படமெடுத்து வருகைப்பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. சிக்னல் இல்லாமலோ சர்வர் ஏற்காமலோ படம் ஏறாமல் போனால், மண் வெட்டியவருக்கு அன்றைய கூலி சந்தேகம். இதை எதிர்த்து அந்த ஆண்டு பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். “ஃபீல்டுல யாரு இப்படிப் பண்ணப்போறாங்க” என்ற கேள்வியை எத்தனை அறைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் இதே நூறு நாள் திட்டத்தில்தான் என் கேள்விக்கு ஒரு பாதி விடையும் இருக்கிறது. இந்தத் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை வைத்தார்கள். கணக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வேலை நடந்ததா, கூலி வந்ததா என்று கேட்டு, கிராம சபையில் வாசிப்பார்கள். அதற்கான விதிகள் 2011-இல் வந்தன. தணிக்கை செய்யும் அமைப்பு, திட்டத்தை நடத்தும் துறையிலிருந்து தனித்து இருக்க வேண்டும் என்று அவை கூறின. தணிக்கைக்கு வருகிறவர் அதே ஊராட்சியில் குடியிருப்பவராக இருக்கக் கூடாது என்றும் கூறின. நடைமுறையில் இது எவ்வளவு உறுதியாக நின்றது என்பது ஊருக்கு ஊர் மாறியது. ஆனாலும் விதிக்குள் ஓர் அறிவு இருக்கிறது. அதே ஊர்க்காரி நேர்மையில்லாதவள் என்று அந்த விதி சொல்லவில்லை. நாளைக்கும் அவள் அந்தத் தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அஜைல் டீமில் டெஸ்டர் அதே ஊராட்சிக்காரி.

பிரான்சஸ் கெல்சியின் கதையைப் பெண்கள் தைரியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1960-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். சில வாரங்களில் தாலிடோமைடு என்ற மருந்தின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. பல நாடுகளில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்து. போதிய ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார். நிறுவனம் விடாமல் நெருக்கியது. ஒரு வருடத்துக்கு மேல் அவரும் விடவில்லை. கர்ப்பிணிகள் அதை உட்கொண்டதால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன என்பது 1961-இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் அந்த மருந்து அப்போது சந்தைக்கு வரவில்லை. கெல்சி துணிச்சல்காரர், சந்தேகமில்லை. அதோடு இன்னொன்றையும் நான் பார்க்கிறேன். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அந்த மருந்து நிறுவனம் இல்லை. அவருடைய மேலதிகாரிகள் அவர் பக்கம் நின்றார்கள். வேண்டாம் என்று சொல்வதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையாக இருந்தது. ‘டீமா யோசிங்க’ என்று அந்த நிறுவனம் அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

அப்படியானால் டெஸ்டர்களைப் பழையபடி தனிக் கட்டடத்துக்கு அனுப்பிவிடலாமா? வேண்டாம். என் சீனியர் அக்கா ஒருவர் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர். எல்லாம் முடிந்த பிறகு மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள், என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூட ஆள் தெரியாது, பிழை சொன்னால் ஆறு மாதம் கழித்துப் பதில் வரும் என்பார். இன்று எழுதுகிறவர் என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். காலையில் சொன்னால் மதியம் திருத்திவிடுகிறார். ஒரு வசதியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே, “கிராமத்துல ஒரு போனை நாலு பேர் வச்சிருப்பாங்க” என்று என்னால் சொல்ல முடிகிறது. இதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

பக்கத்தில் இருப்பதில் சிக்கல் இல்லை. பிழை எவ்வளவு பெரியது என்ற தீர்ப்பை, அதைத் திருத்தினால் நஷ்டப்படுகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டதில்தான் சிக்கல். இதை மாற்றப் புரட்சி எதுவும் தேவையில்லை. நான் ஒரு பிழையை முதல் நிலை என்று பதிந்தால், அதைக் குறைக்கிறவர் தன் பெயரில், தன் காரணத்தை எழுதிக் குறைக்கட்டும். டெலிவரி மேனேஜருக்குக் கீழே வராத ஒருவரிடம் நான் போய்ச் சொல்ல ஒரு வழி இருக்கட்டும். சோதனைக்கு ஒதுக்கிய நாளை வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஸ்பிரின்டின் முதல் நாளே எழுதி வைக்கட்டும். எத்தனை பிழை பிடித்தாள், எத்தனை நழுவவிட்டாள் என்ற எண்ணிக்கையை அப்ரைசலில் எடுத்துக்கொள்ளாமல் இருக்கட்டும். கேட்டுப் பார்த்ததில், முதல் கோரிக்கை மட்டும் எங்கள் டீமில் நடைமுறைக்கு வந்தது. அதற்கே ஒரு வருடம் ஆனது. வந்த பிறகு, நிலையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். தன் பெயரை எழுத வேண்டும் என்றால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதிகாரம் இல்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்று சொல்லிவிடலாம். இவ்வளவு நேரம் நான் எழுதியது அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் அந்த இழுப்பை நான் முழுதாக நம்பவில்லை. அந்த அறையில் இருந்த ஒன்பது பேரில், தவணை காணாமல் போனால் ஒரு தெருவில் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்தது நான் ஒருத்திதான். தெரியாதவர்கள் விட்டுவிட்டதும் தெரிந்தவள் விட்டுவிட்டதும் ஒன்றாகாது. ரிலீஸை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. அதை அவர்கள் செய்திருப்பார்கள். ஆனால் ஒன்று என்ற எண்ணை மூன்று ஆக்காமல் இருக்கும் அளவு அதிகாரம் என்னிடம் இருந்தது. அந்த அளவுக்கு அது என் தப்பு. அதற்கு மேல் என் தப்பு இல்லை. இந்த எல்லையைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் ஆனது. முழுப் பழியையும் ஏற்றுக்கொள்வது, முழுப் பழியையும் உதறுவது, இரண்டையும் செய்து பார்த்தேன். இரண்டிலுமே அந்த 41 பேர் மறந்துபோகிறார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்ரைசல், ஸ்பிரின்ட் எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. கேட்டுவிட்டு, “நீ சொன்னத ஒரு நோட்டுல எழுதி வச்சியாத்தா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். “அவுக மெஷின்லயே எழுதுனா, அவுக மாத்தச் சொன்னா மாத்தத்தான வேணும்” என்றார்.

திரும்பி வரும் வழியில் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்தத் தேதியில் எதைச் சொன்னேன், யார் என்ன பதில் சொன்னார்கள், நான் எங்கே ஒப்புக்கொண்டேன் என்று எழுதுகிறேன். கடைசிப் பத்திதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.